வேடு கட்டிய துணி

பங்குனி மாதத்தில் மலைக்காட்டுக்குள் நடந்தால் மனம் குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துளிர் என்பார்கள், பூ என்பார்கள், குயில் கூவுகிறது என்பார்கள். அந்தத் துளிருக்கும் பூவுக்கும் நடுவே ஒருநாள் முழுக்க நடந்தவன் நான். எனக்கு மிஞ்சியது குமட்டல்தான். இன்றைக்கும் எங்கிருந்தாவது இலுப்பைப்பூ வாசம் வந்தால் வாயில் எச்சில் ஊறித் துப்ப இடம் தேடுவேன். வீட்டில் கேட்டால் பித்தம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம். வாயில் ஊற்றிய தண்ணீரை வைத்தே பானை புதிதா பழையதா என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீடு பொதட்டூர்பேட்டையில் லுங்கியும் வேட்டியும் நெய்கிற வீடு. பாவு நூலுக்குப் போடும் கஞ்சி புளித்து நாறாத நாளே கிடையாது. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இவ்வளவு அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, ஆச்சரியம். "இவன் ராஜா வூட்டுல பொறக்க வேண்டியவன், வழி தெரியாம இங்க வந்துட்டான்" என்று தறியில் உட்கார்ந்தபடியே சிரிப்பார்.

ஆனால் என் நெசவை மட்டும் அவர் கேலி பேசியதில்லை. துணி வாங்க வருபவர்கள் முன்னால் என் லுங்கியை உதறி விரித்து, "பாருங்க, இவன் நெய்ற துணியில தண்ணி ஊத்துனா நிக்கும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஊடை நூலை அறைந்து அறைந்து நெய்வேன். தோள் கழன்றுபோனாலும் விடமாட்டேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. தெருவில் என்னைவிட நெருக்கமாக நெய்பவன் கிடையாது என்று எனக்குள் ஒரு கர்வம்.

என் அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவளை நைனாவின் கூடப்பிறந்தவள் வீட்டிலேயே கொடுத்திருந்தது. அதாவது மாமியார் எங்களுக்குச் சொந்த அத்தை. அத்தை மகன் எனக்குப் பாவா. அவர்கள் ஊர் எங்கள் ஊருக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, மலையடியில் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. அத்தை முதலில் மரம் சுற்றச் சொன்னாள். பிறகு வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு. பிறகு வெள்ளிக்கிழமைப் பட்டினி. ஆறாவது வருஷம் நகரிப் பக்கம் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்துவிட்டு, மாசி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள்.

"பங்குனி உத்திரத்துக்கு திருத்தணிக்கு மீன் காவடி எடுக்கறோம்" என்றாள் நைனாவிடம். "மீனு உயிரோட கொளத்துல எறங்கிச்சுன்னா உன் பொண்ணு எங்க வூட்லயே இருக்கட்டும். அப்பறம் நான் வாயே தொறக்க மாட்டேன். செத்துப் போச்சுன்னா அவகிட்ட சுத்தம் இல்லன்னு சாமியே சொல்லிட்டாருன்னு வச்சுக்கோ. அங்கிருந்து அப்படியே உன் வூட்டுக்கு இட்டுகினு வந்துரு."

"ஆங்" என்றார் நைனா. அத்தை முன்னால் அவருக்கு அதற்குமேல் பேச வராது.

மீன் காவடி அத்தை புகுந்த வீட்டு வழக்கம். உயிருள்ள விரால் மீன் ஒன்றைப் பித்தளைக் குடத்தில் தண்ணீரோடு விடுவார்கள். குடத்தின் வாயை மஞ்சள் துணியால் வேடு கட்டிக் காவடியின் ஒரு பக்கம் தொங்கவிடுவார்கள். மறுபக்கம் பால்குடம். செருப்பில்லாமல் நடந்தே திருத்தணிக்குப் போய் மலையடியில் இருக்கும் சரவணப்பொய்கையில் மீனை விடவேண்டும். ரோட்டில் போகக்கூடாது, எதிரில் பிணம் வரலாம், தீட்டு வரலாம். அதனால் காட்டுப் பாதைதான். வேடு கட்டிய துணியைக் குளத்துப் படியில்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் ஒருவர் கைகூட அதன்மேல் படக்கூடாது. கூடப் போகிறவர்கள் எல்லோரும் பத்து நாள் விரதம். கவிச்சி, பீடி, சாராயம் எதுவும் ஆகாது. மூன்று தலைமுறையாக ஒரு மீன்கூடச் செத்ததில்லை என்று அத்தை பெருமையடித்துக்கொள்வாள்.

விரால் லேசில் சாகிற மீன் இல்லை. வற்றிப்போன ஏரிச் சேற்றில்கூட உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அத்தை போனபிறகு நைனா அதைத்தான் சொன்னார். "வெறாலுதானே, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று அவராகவே இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தை வீட்டில் வேடு கட்டுவதற்கு உடுத்திக் கிழிந்த வேட்டியில் ஒரு முழத்தைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கட்டுவார்கள். நல்ல துணியெல்லாம் விற்பதற்கு, கந்தல் சொந்த உபயோகத்துக்கு. நெசவாளி வீட்டு வழக்கமே அதுதான். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. அக்கா வாழ்க்கையே அந்தக் குடத்துக்குள் நீந்தப் போகிறது, அதன் வாயில் கந்தலா? "நான் நெய்து தரேன்" என்றேன். முடியப்போகிற வேட்டிப் பாவில் கடைசி ஒரு முழத்தை அதற்கென்று ஒதுக்கினேன். ஒரு முழத்துக்கு ஒருநாள் பூரா உட்கார்ந்தேன். வேட்டிக்கு அடிக்கிற ஊடையைப்போல் இரண்டு மடங்கு அடித்து நெருக்கினேன். இரண்டு தடவை கஞ்சி போட்டு, மஞ்சளில் தோய்த்து, விறைப்பாகக் காயவைத்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

அதை வாங்கிப் போக அக்கா வந்தாள். இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அவளும் தறி வீட்டுப் பெண்தான்.

"இன்னாடா இது, துணியா பலகையா?" என்றாள்.

நான் சிரித்தேன். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

உத்திரத்தன்று விடியும் முன்பே அத்தை ஊரிலிருந்து கிளம்பினோம். காவடி எடுத்தவன் பாவா. கூட அத்தை, அக்கா, நான், பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பம்பைக்காரர். ஐந்தே பேர். நைனா வரவில்லை, முழங்கால் வலி என்று சொன்னார். பெண்ணைக் குளத்தங்கரையில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டிவந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் அந்த முழங்காலுக்குள் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஏரியில் பிடித்த விரால், முழங்கை நீளம், குடத்துக்குள் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. "நெறகொடமா இருக்கணும், கொறை வைக்காதீங்க" என்று அத்தை விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். வேடு கட்டியது நான். துணியை நனைத்து, நாலு பக்கமும் இழுத்து, கழுத்தில் சணலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பம்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, பம்பைய வூட்லயே வச்சுட்டு வந்திருக்கலாம் போல கீதே. இது மேலயே அடிக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு முழுவதும் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒருமுறைதான்.

திருத்தணிக்குப் பதினைந்து மைல் இருக்கும். அதில் முக்கால்வாசி மேடும் பள்ளமுமான காடு. ஏறத் தொடங்கியதும் வெளிச்சம் வந்தது. வெட்பாலை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. புங்க மரத்தடியெல்லாம் பூ உதிர்ந்து பாய் விரித்தமாதிரி கிடந்தது. பார்க்கிறவனுக்கு அழகுதான். அதன்மேல் வெறுங்காலோடு நடப்பவனுக்குத்தான் தெரியும், அந்தப் பூவுக்குள் என்னென்ன நெளிகிறது என்று. புதுத்துளிர் வந்த மரமெல்லாம் கம்பளிப்பூச்சி. கிளையிலிருந்து நூல்விட்டுத் தொங்கிக்கொண்டு, தோளிலும் கழுத்திலும் ஒட்டியது. உதறினால் மயிர் மட்டும் தோலில் குத்தி நின்றது. ஆடு மேய்ந்த இடமெல்லாம் உண்ணி. முழங்காலுக்குக் கீழே எள்ளைத் தூவினமாதிரி ஏறிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு சுனைக்குப் போனால், பச்சையாய்ப் பாசி படர்ந்து, நடுவில் ஏதோ பறவை செத்து மிதந்தது. அத்தை அதே தண்ணீரைப் பக்கவாட்டில் ஒதுக்கி, கையால் அள்ளிக் குடித்தாள். "மலைத்தண்ணி, மருந்துடா" என்று என்னையும் குடிக்கச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்றேன்.

வெயில் ஏறின நேரத்தில் குடத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், டப் டப் என்று. வேடு கட்டிய துணியில் மீன் கீழிருந்து முட்டுகிற சத்தம்.

அத்தைக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. "வந்துட்டாருடா! சாமி வந்து ஆடுறாருடா!" என்று கத்திக்கொண்டு பாதையிலேயே விழுந்து கும்பிட்டாள். பம்பைக்காரர் வெறிபிடித்தமாதிரி அடித்தார். "அரோகரா!" என்று பாவா காவடியோடு சுற்றிச் சுற்றி ஆடினான். அக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அழுதாள். ஆறு வருஷத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நானும் அரோகரா போட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால், மீன் முட்டும்போது என் துணி கிண்ணென்று அதிர்ந்ததைக் கேட்டு எனக்குள் பூரித்துக்கொண்டேன். அவ்வளவு பலமாக முட்டியும் ஒரு இழை விலகவில்லை.

அப்புறம் சத்தம் குறைந்தது. "சாமி களைச்சுட்டாரு" என்றாள் அத்தை.

உச்சிப்பொழுதுக்கு மலையின் மேட்டில் ஒரு இலுப்பைத் தோப்பை அடைந்து உட்கார்ந்தோம். காவடியை இறக்கி, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கொம்பில் சாய்த்து வைத்தார்கள். இலுப்பை பூத்துக் கொட்டியிருந்தது. சதைப்பற்றான அந்தப் பூ மிதிபட்டு, வெயிலில் புளித்து, கள்ளுக்கடை வாசல்மாதிரி ஒரு இனிப்பு நாற்றம். ஈ மொய்த்தது. வௌவால் எச்சம் தரையெல்லாம். எங்களுக்கு முன்னால் போன யாரோ அந்த நிழலிலேயே வெளிக்கிருந்து வைத்திருந்தார்கள். காவடி எடுக்கிறவனுக்கு விரதம் மட்டும் போதும், பத்தடி தள்ளிப் போய் உட்காரும் புத்தி வேண்டாம் போலிருக்கிறது.

நான் ஒதுங்கலாம் என்று பாறைப் பக்கம் போனேன். அங்கே பாவா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றி நிறைய விபூதி, வாயில் பீடி. என்னைப் பார்த்ததும் உள்ளங்கைக்குள் மறைத்தான். அப்புறம் மறைத்து என்ன என்று மறுபடியும் இழுத்தான்.

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றான். "தல வலிச்சுது, அதான்."

எனக்கு அவன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. அவன் பெண்டாட்டி இந்தப் பக்கம் பத்து நாளாக ஒருவேளைச் சோறு தின்று காய்ந்து கிடக்கிறாள். சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வரும்போது காலில் காரைமுள் ஏறிவிட்டது. காவடிக்குப் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்து பிடுங்கினேன். அத்தை கொஞ்ச தூரத்தில் மரத்தில் சாய்ந்து கண்மூடியிருந்தாள். அக்கா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் குடத்துக்குள் ஒரு சத்தம். முட்டுகிற சத்தம் இல்லை. அடியிலிருந்து ஏதோ மேலே வந்து துணியை மெதுவாக உரசிவிட்டுத் திரும்ப இறங்கினமாதிரி.

நான் அந்தத் துணியைப் பார்த்தேன். ஓரம் வெயிலில் காய்ந்து கஞ்சியேறி அட்டைமாதிரி குடத்தோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஈரம். ஈரத்துக்குக் கீழே நேராகத் தண்ணீர். நிறைகுடம், இடைவெளி ஒரு விரல்கூட இல்லை. எனக்கு எங்கள் ஊர் ஏரி ஞாபகம் வந்தது. விரால் பிடிப்பவர்கள் கரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அது மூச்சு வாங்க மேலே வந்து வாயைத் திறக்கும் இடத்தைப் பார்த்து வலையை வீசுவார்கள். சேற்றில் உயிரோடு கிடக்கிற மீன் அந்த மூச்சில்தான் கிடக்கிறது. அத்தை வீட்டு மூன்று தலைமுறை மீனும் கந்தல் வேட்டியின் ஓட்டை வழியாகத்தான் உயிர் பிழைத்திருக்கிறது.

சாமி ஆடவில்லை. நாங்கள் அரோகரா போட்டுக் கும்பிட்டது, அது மூச்சுக்கு முட்டிய முட்டு.

முள் என் கையில் இருந்தது. பிடுங்கிய காரைமுள், ஊசிமாதிரி, ஒரு விரற்கடை நீளம். துணிக்கும் என் கைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. யாரும் பார்க்கவில்லை. நாலு குத்து குத்தியிருந்தால் போதும்.

குத்தவில்லை. வேடு கட்டிய துணியைத் தொடக்கூடாது, சாமி குத்தம் என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தத் துணியில் ஒரு பிசிறு இல்லை, ஒரு இழை விலகல் இல்லை. குளத்துப் படியில் அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் அதை அவிழ்க்கும்போது நாலு பொத்தல் இருந்தால் யாராவது கேட்பார்கள். நெய்தது யார் என்று கேட்பார்கள். அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. மீன் அப்புறம்தான் வந்தது, அக்கா அதற்கும் அப்புறம்தான். கிழடான விரால், இன்னும் நாலு மணி நேரம் தாங்கும் என்று நினைத்துக்கொண்டு முள்ளைத் தூக்கி எறிந்தேன்.

தோப்பிலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குள் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. முதலில் இலுப்பைப்பூ நாற்றம் கூடவே வருகிறது என்றுதான் நினைத்தேன். இனிப்பாக, கனமாக. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. காவடிக்குப் பின்னால் போனால் அடித்தது, விலகினால் குறைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு மைல் போனபிறகு ஈக்கள் கண்டுபிடித்தன. அதற்குப் பிறகு பம்பைக்காரர். அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, தோள்துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

பங்குனி வெயிலில் பித்தளைக் குடம் அடுப்பில் வைத்தமாதிரி கொதிக்கும். அதில் செத்த மீன் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காற்று எதிரே வீசினால் முகத்தில் அறைந்தது. பாவா மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தான். அவன் நடக்க நடக்கக் குடம் ஆடி, துணியின் ஓரத்தில் கசிந்து, ஒரு வழவழப்பான தண்ணீர் அவன் வேட்டியில் வடிந்தது. நான் ஒரு புதரோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன்.

"பாரு, கூடப்பொறந்தவனுக்கே தாங்கல" என்றாள் அத்தை. அதுவரைக்கும் பொறுத்திருந்தவள் அப்போதுதான் அக்காவின் பக்கம் திரும்பினாள். "உண்மைய சொல்லுடி. குளிச்ச நாளு கணக்கு சரியா வந்துச்சா? மறைச்சுகினு வந்தியா?"

தம்பி நிற்கிறான், வேற்று ஆள் பம்பைக்காரர் நிற்கிறார். அத்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அக்காவுக்கு முகம் கறுத்துப் போனது.

"இல்ல அத்த. சரியாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன்டி இப்படி நாறுது?"

"எனக்குத் தெரியல அத்த."

"தெரியாது. உனக்கு எது தெரிஞ்சுது? காவடி பக்கம் வராத. பின்னால நட. நெழல் படாம நட."

பாவாவின் பீடி பிடித்த வாய் அரோகராவை மட்டும் முணுமுணுத்தது. தன் பீடியால்தான் இப்படி ஆயிற்று என்று அவன் பயந்துபோயிருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது. என்னைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ரகசியம் என்னிடம், என் ரகசியம் என்னிடம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெண் இருபதடி பின்னால், முள்ளில் மிதித்துக்கொண்டு தனியாக வந்தாள். அன்றைக்கு நான் பார்த்த அசிங்கங்களில் சுனையில் மிதந்த பறவையும் இலுப்பைத் தோப்பு மலமும் எவ்வளவோ மேல்.

இறக்கத்தில் திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிந்தது. ஊருக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் காவடி. மொட்டைத் தலைகளில் சந்தனம், சாம்பிராணிப் புகை, பூ, வியர்வை. அவ்வளவு நெரிசலிலும் எங்களுக்கு மட்டும் தாராளமாக வழி கிடைத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஒரு அம்மாள், "அய்யய்யோ, யாரு பண்ண பாவமோ" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பொய்கைப் படியில் காவடியை இறக்கினான் பாவா. வேடு அவிழ்க்க வேண்டும். முடிச்சு நான் போட்டது. சணல் நனைந்து இறுகி யார் நகத்துக்கும் அசையவில்லை. "நீ கட்டுனதுதானே, நீயே அவிழ்த்துத் தொலை" என்றாள் அத்தை. நான் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன். அந்த ஈரம் நாக்கில் பட்டது. எவ்வளவு வெற்றிலை போட்டாலும் எனக்கு அந்த ருசி போனதில்லை.

விரால் வயிறு மேலாக மிதந்தது. கண் வெளுத்திருந்தது. வாய் ஆவென்று திறந்து, துணி இருந்த மட்டத்துக்கு வந்து நின்றிருந்தது.

"சாமியே சொல்லிட்டாரு" என்றாள் அத்தை. அழவில்லை, கத்தவில்லை. காய்கறிக்கடையில் சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்குகிறமாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "தம்பி, உங்கக்காவ இங்கிருந்தே பஸ்ஸுல இட்டுகினு போயிடு. துணிமணிய நாளைக்கு அனுப்பறேன்."

அக்கா பாவாவைப் பார்த்தாள். அவன் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்படிப் பக்கம் நடந்தான். பால்குடமாவது போய்ச் சேரவேண்டும் அல்லவா.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம் நகரிப் பெண்ணோடு பாவாவுக்குக் கல்யாணம் நடந்தது. நைனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். இரண்டாவது தறி அவளுடையதானது. மீன் எப்படிச் செத்தது என்று நைனா என்னிடம் ஒரே ஒருதடவை கேட்டார். "எனக்கு எப்படி நைனா தெரியும்?" என்றேன். அக்கா பக்கத்துத் தறியில் நெய்துகொண்டிருந்தாள். அவள் தறியில் ஓடிய நாடா ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களை அவள் தூக்கி வளர்த்தாள். அந்தப் பேச்சை மட்டும் எடுத்ததில்லை. ஊர் அவளைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

குளத்துப் படியில் கடைசியாக நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அத்தையும் பம்பைக்காரரும் பாவாவின் பின்னால் போய்விட்டார்கள். மீனை ஒரு கிழவர் குச்சியால் தள்ளி மூலையில் ஒதுக்கினார். வேடு கட்டிய துணி படியில் கிடந்தது. அக்கா அதை எடுத்தாள். அவ்வளவு நாற்றத்திலும் முகம் சுளிக்காமல், தண்ணீரில் இரண்டு அலசு அலசினாள். பிறகு அலசுவதை நிறுத்திவிட்டு, துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நிமிண்டிய அதே மாதிரி. நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, குளத்துத் தண்ணீரை அதில் மொண்டு தூக்கினாள்.

துணியின் அடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"நைனா சொல்றது நெசந்தான்டா" என்றாள். "நிக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை இன்னும் மலைப்படியின் தொடக்கத்தில்தான் இருந்தாள். அவள் மஞ்சள் சேலை கூட்டத்துக்குள் தெரிந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். கத்தினால்கூடக் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அடியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அந்தத் தண்ணீர் வடிந்து முடிய வெகு நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.